பிசாசும் ஆழ்கடலும்

சிலாபத்திலிருந்து புத்தளம் நோக்கி வடக்கே செல்லும் நெடுஞ்சாலையின்மீது முந்தல் என்னும் ஊர் அமைந்துள்ளது. ஊருக்கு மேற்கே களப்பு. களப்புக்கு அப்பால் நீண்டு கிடக்கும் மணல் திடல். அதற்கும் அப்பால் பெருங்கடல். உடப்பு முதலிய மீனவர் ஊர்கள் அத்திடலை இடமாகக் கொண்டவை. அங்கே வாழ்பவர் காலையில் கிழக்கே முகத்தைத் திருப்பினால் களப்பு நீர். மாலையில் மேற்கே திருப்பினால் கடல் நீர். நிலம் முந்தி நீருக்குள் நீண்டு நிற்கும் இடத்துக்கு முந்தல் என்னும் பெயர் மிகவும் பொருந்துவதே. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், இராமநாதபுரக் கடற்கரையிலும் மேலமுந்தல், கீழமுந்தல் என ஊர்கள் உண்டு.

இருபுறமும் நீர் சூழ்ந்த இக்கரையிலே நின்றுகொண்டு, ஆங்கிலேயர் தம் இக்கட்டைச் சொல்ல வழங்கும் ஒரு மரபுத்தொடரை இன்று ஆராய்வோம். 'பிசாசுக்கும் ஆழ்கடலுக்கும் நடுவே' என்பது அத்தொடர். பள்ளிக்கூடத்து ஆங்கில இலக்கண நூல்களில் இதனை மனனம் செய்யாதவர் நம்மிடையே சிலரே. ஆனால் இதன் வரலாற்றையும், இதனை ஆளவேண்டிய இடத்தையும் அறிந்தவர் அத்துணைப் பலர் அல்லர். துன்பம் என்று சொல்லத்தக்க எதற்கும் இத்தொடரை இட்டு நிரப்புவது இக்காலத்து எழுத்தாளரிடையே பெருகி வருகின்றது. ஒரு தொடரைத் தவறாக ஆள்வதனால் யாருக்கு என்ன கேடு என்று நேயர்கள் வினவலாம். கேடு உண்டு என்பதனை இறுதியில் காட்டுவோம்.

இத்தொடர் அச்சேறிய காலம் 1637ஆம் ஆண்டு. அவ்வாண்டில் றொபேட் மன்றோ என்னும் ஸ்கொத்லாந்து நாட்டுப் படைத்தலைவர் தம் போர் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். ஐரோப்பாவை 1618 முதல் 1648 வரை அலைக்கழித்த முப்பதாண்டுப் போரிலே, சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடொல்பசின் சேனையிற் பணிபுரிந்தவர் அவர். ஒரு களத்தில், எதிரியின் குண்டுகள் முன்னிருந்து வந்து விழ, தம் பக்கத்துப் பீரங்கிகளின் குண்டுகளும் குறி தாழ்ந்து தம் வீரர்மீதே விழுந்தன. முன்னேறவும் இயலாது, பின்வாங்கவும் இயலாது கிடந்த அந்நிலையையே பிசாசுக்கும் ஆழ்கடலுக்கும் நடுவே கிடந்ததாக அவர் எழுதினார். தொடருக்கு அவர் விளக்கம் தரவில்லை. ஆகவே, அவர் காலத்துக்கு முன்பே அது மக்கள் நாவிற் பழகியிருந்தது என்று கொள்ளலாம்.

பிசாசு என்பது யாது என்பதிற் கருத்து வேறுபாடு உண்டு. மரக்கலங்களின் மேல்தட்டும் பக்கப்பலகையும் கூடும் நெடிய பொருத்துக்கு ஆங்கில மாலுமிகள் 'டெவில்' என்று பெயரிட்டிருந்தனர் என்றும், அப்பொருத்தில் நார்ப்பஞ்சு திணித்துக் கீல் பூசத் தொங்குபவனுக்குக் கீழே கடலன்றி வேறொன்றும் இல்லையென்றும், அதிலிருந்தே இத்தொடர் பிறந்ததென்றும் சிலர் கூறுவர். நம் கரையோரத்தில் கலப்பற்று என்று சொல்லப்படும் வேலை அது. கேட்பதற்கு இனிய விளக்கமே. ஆயினும், இதனை ஏற்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கப்பற் பொருத்துக்கு அப்பெயர் வழங்கியமைக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகள் மன்றோவின் நூலுக்கு மிகப் பிந்தியவை. மன்றோவோ தரைப்படை வீரர். பிசாசு என்றால் பிசாசே என்று கொள்வதுதான் நேரிய வழி. 'நீல' என்னும் அடை இடையிலே வந்து சேர்ந்தது. 1931இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பாட்டு அந்த வடிவத்தை உலகெங்கும் பரப்பிற்று.

மேலைநாட்டார்க்கு இக்கருத்தை முதலில் ஊட்டியவர் கிரேக்கர். ஹோமர் பாடிய கதையிலே, ஒடிசியசின் கப்பல் ஓர் ஒடுங்கிய நீர்வழியைக் கடக்க வேண்டியிருந்தது. ஒருபுறம் ஆறு தலைகளையுடைய சில்லா என்னும் கொடிய விலங்கு. மறுபுறம் கப்பலை முழுவதுமாக விழுங்கும் கரிப்டிஸ் என்னும் நீர்ச்சுழி. சுழியை அணுகினால் எல்லாரும் அழிவர்; விலங்கை அணுகினால் அறுவர் அழிவர். ஒடிசியஸ் விலங்கின் பக்கமே கப்பலைச் செலுத்தி, ஆறு தோழரை இழந்து, மற்றையோரைக் காத்தான். இரு தீமைகளிற் சிறியதைக் கொள்ளுதல் என்னும் நெறி அக்கதையில் அடங்கியுள்ளது.

இனி, தமிழ் மரபை நோக்குவோம். 'இருதலைக் கொள்ளி எறும்பு' என்னும் தொடர் உடனே நினைவுக்கு வரும். இருமுனையிலும் தீப்பற்றிய விறகின் நடுவே அகப்பட்ட எறும்பின் நிலை அது. இது சங்ககாலம் தொட்டு வரும் உவமை. அகநானூற்றின் 339ஆம் பாட்டிலே நரைமுடி நெட்டையார் என்னும் புலவர் இதனை ஆண்டுள்ளார். பொருள்தேடப் பிரிந்த தலைவன், தொடங்கிய வினையை விடவும் மாட்டாமல், தலைவியைப் பிரிந்திருக்கவும் மாட்டாமல் வருந்தும் நிலையே அங்கு உவமிக்கப்படுகின்றது. முத்தொள்ளாயிரத்திலும் திருவாசகத்திலும் அவ்வெறும்பு மீண்டும் வந்து நிற்கக் காண்கின்றோம். நற்றிணையின் 284ஆம் பாட்டு வேறோர் உவமையைத் தருகின்றது. இரண்டு யானைகள் எதிரெதிரே பற்றி இழுக்கும் தேய்ந்துபோன பழங்கயிறு அது. அந்த உவமையின் அழகினாலேயே அதைப் பாடியவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

இங்கு ஒரு வேற்றுமையைக் கருதல் வேண்டும். ஆங்கிலத் தொடர் நமக்குப் போர்க்களத்திலிருந்து கிடைத்தது. ஒரு மனிதன் எந்த இடத்தில் நிற்கின்றான் என்பதனை அது சொல்கின்றது. தமிழ் உவமைகள் அகத்திணையிலிருந்து கிடைத்தவை. அம்மனிதனின் உள்ளத்தில் என்ன நிகழ்கின்றது என்பதனை அவை சொல்கின்றன. முன்னது புறத்தே நிற்கும் இரு பகைகள். பின்னது அகத்தே எழும் இரு விருப்பங்கள். பிற்காலத்தில் நம் வழக்கும் விரிந்து, புறப்பகைக்கும் எறும்பையே உவமையாக்கியது. ஆதலால், ஆங்கிலத் தொடரைத் தமிழாக்குபவன் சொல்லுக்குச் சொல் பார்த்தல் போதாது. நிலைக்கு நிலை பார்த்தல் வேண்டும்.

பழமொழிகளை இவ்வாறு இரு மொழிகளுக்கிடையே கொண்டு செல்லும் வேலை ஈழத்திலே பழமையானது. பீற்றர் பேர்சிவல் பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி, ஆங்கில மொழிபெயர்ப்போடு 1842இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். 1874இல் சென்னையில் வெளிவந்த பதிப்பிலே ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் இடம்பெற்றன. புத்தளக் கரையும் இத்துறையிற் பின்னிற்கவில்லை. 1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர்விவர அகராதியையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். தமிழை ஆங்கிலேயர்க்கு விளக்குவதெனின், சொல்லின் பின்னே நிற்கும் வாழ்வையும் விளக்கவேண்டும் என்பதனை உணர்ந்தவர்கள் இவர்கள்.

நம் மொழியில் இடருக்குரிய தொடர்கள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இடம் உண்டு. 'மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி' என்பது இருபுறமும் அடி வாங்குவோனைக் குறிக்கும். அவனுக்குத் தெரிவு என ஒன்று இல்லை. 'புலிவாலைப் பிடித்தவன்' தானே தொடங்கியதை விடமுடியாது தவிப்பவன். 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்பது துணிவின்மையைச் சுட்டும், குற்றம் நிற்பவனுடையது. தருமசங்கடம் என்பதோ இரு கடமைகள் ஒன்றையொன்று மறுக்கும் நிலை. அங்கு இருபுறமும் நிற்பவை நன்மைகளே. இவற்றுள் எதுவும் பிசாசுக்கும் கடலுக்கும் நடுவே நிற்கும் நிலைக்கு முற்றும் ஒப்பாகாது.

அந்நிலைக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. இருபுறமும் உள்ளவை தீமையாதல் வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றுவிட இயலாதிருத்தல் வேண்டும். மூன்றாவது வழி இல்லாதிருத்தல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் இத்தொடர் பொருந்தாது.

எடுத்துக்காட்டாக, சோளகக் காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரையின் மீனவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். கடலுக்குப் போனால் அலை கவிழ்க்கும். போகாதிருந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. கடன் கொடுத்தவர் வாயிலில் வந்து நிற்பார். இவர் பிசாசுக்கும் ஆழ்கடலுக்கும் நடுவே நிற்கின்றார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவர் முந்தற் பகுதியைச் சேர்ந்தவராயின், அவருக்குக் களப்பு உண்டு. கடல் சீறும் நாளில் களப்பிலே வலை வீசலாம். மேற்குக் கரையிற் காற்று மாறும் காலத்தில் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து வாடி அமைத்துத் தொழில் செய்யும் வழக்கமும் இக்கரை மீனவரிடையே நெடுங்காலமாக உண்டு. மூன்றாவது வழி இருக்கின்றது. ஆதலால் தொடர் பொருந்தாது. ஆங்கிலப் பழமொழியில் அழிவாகத் தோன்றும் நீர், இக்கரை மக்களுக்கு இரண்டு வகையான பிழைப்பாக அமைந்திருத்தலை எண்ணி வியக்கின்றோம்.

இனி, இத்தொடர் சொல்லளவில் முற்றும் பொருந்திய ஒரு நிகழ்ச்சி இதே கரையில் நடந்தமையைக் கேளுங்கள். அது 1344ஆம் ஆண்டு. மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இப்னு பதூதா மாலைதீவிலிருந்து புறப்பட்டு, மாபார் என்று அராபியர் அழைத்த தமிழகக் கரையை நாடிச் சென்றார். மூன்று நாட்பயணம் அது. ஆனால் காற்று திசைமாற, ஒன்பதாம் நாளிலே கப்பல் இலங்கைக் கரையை அடைந்தது. சிவனொளிபாதமலை வானத்திலே புகைத்தூண் போல நின்றதை அவர் கண்டார்.

கரை தெரிந்தும் மாலுமிகள் மகிழவில்லை. அத்துறைமுகம் ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டது என்றும், அவன் கொடியவன் என்றும், கடற்கொள்ளைக்குரிய கலங்கள் அவனிடம் உள்ளன என்றும், வணிகர் அஞ்சாது இறங்கத்தக்க இடம் அது அன்று என்றும் அவர்கள் கூறினர். ஆரியச்சக்கரவர்த்திகள் என்போர் யாழ்ப்பாணத்தை ஆண்ட மன்னர்; அக்காலத்தில் அவர் ஆணை புத்தளம் வரை சென்றது. கரையை அணுக அஞ்சிக் கடலிலேயே நிற்கலாம் என்றால், புயல் எழுந்தது. கப்பல் மூழ்கும் நிலை ஏற்பட்டது. முன்னே பிசாசு, பின்னே ஆழ்கடல். மன்றோ தம் நூலை அச்சிடுவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன், அத்தொடரின் பொருள் முழுவதும் நம் புத்தளக் கடலில் மிதந்துகொண்டிருந்தது.

இப்னு பதூதா என் செய்தார்? தம்மை மட்டும் கரையிறக்குமாறும், அரசனிடம் தாமே அபயம் பெற்று வருவதாகவும் கப்பற்றலைவனிடம் சொன்னார். இறங்கியதும் அரசனின் ஆட்கள் வந்து சூழ்ந்து, நீர் யார் என்று வினவினர். மதுரையிலிருந்து மாபாரை ஆண்ட சுல்தானுக்குத் தாம் உறவினர் என்றும், அவரைக் காணச் செல்வதாகவும், கப்பலில் உள்ளவை அவருக்குரிய பரிசில்கள் என்றும் விடையளித்தார். உறவு மெய்யே, இருவரும் உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள். அச்செய்தி அரசனுக்கு எட்டியது. அரசன் அவரை அழைத்தான்.

அவர் பத்தாலா என்று குறிக்கும் நகரம் புத்தளமே என்பது அறிஞர் துணிபு. மரத்தாலாய மதிலும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த சிறிய அழகிய நகர் என்று அதனை வருணிக்கின்றார். ஆற்றுவெள்ளம் கொண்டுவந்து ஒதுக்கிய கறுவா மரங்கள் கரையெங்கும் குன்றுகள் போலக் குவிந்து கிடந்தனவாம். கொடியவன் என்று மாலுமிகள் அஞ்சிய மன்னன் பாரசீக மொழி அறிந்தவன். பிறநாட்டுச் செய்திகளை ஆவலோடு கேட்பவன். விருந்தினருக்கு முத்துக்களை அளித்தான். மலையிலுள்ள திருவடிச் சுவட்டைக் காண விரும்புகின்றேன் என்று அவர் சொல்ல, பல்லக்கும், வழித்துணையாக யோகியர் நால்வரும் அந்தணர் மூவரும், பிற ஆட்களும் தந்து அனுப்பினான். கப்பற்றலைவனையும் அவர் திரும்பி வரும்வரை தன் விருந்தினனாகக் காத்தான்.

மலைக்குச் செல்லும் வழியில், அரசனின் எல்லையிலே மனார் மந்தலி என்னும் ஊரை அவர் அடைந்தார். அங்குள்ளோர் காட்டிற் பிடித்த எருமைக் கன்றுகளோடு அரிசியும் நெய்யும் மீனும் கோழியும் பாலும் தந்து விருந்தோம்பினர். அதன்பின் அவர் சென்ற பந்தர் சலாவத் என்பது சிலாபம். புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடையே கிடந்த அந்த மந்தலி நம் முந்தற் பகுதியே என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். பெயரின் ஒலியும் வழியின் முறையும் அதற்கு இடந்தருகின்றன. அவ்வாறாயின், பிசாசின் நாடு என்று அஞ்சப்பட்ட நிலத்தின் கடைசி ஊர், விருந்தின் ஊராக வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? ஒடிசியஸ் இரு தீமைகளையும் நிறுத்துப் பார்த்துச் சிறியதைக் கொண்டான். இப்னு பதூதா இரண்டில் எது செவியுடையது என்று பார்த்தார். புயலோடு பேச இயலாது. அரசனோடு பேச இயலும். பேச்சு என்னும் மூன்றாவது வழியை அவர் திறந்தார். பேசினால் எந்தக் கொடியவனும் இசைவான் என்று நாம் சொல்ல வரவில்லை. அவருக்கு மதுரைச் சுல்தானின் உறவு துணைநின்றது. ஏதுமற்ற ஏழை மாலுமி ஒருவன் தனியே இறங்கியிருப்பின் முடிவு வேறாயிருக்கலாம். ஆயினும், மூன்றாவது வழி இல்லை என்று தீர்ப்புச் சொல்லுமுன் தேடிப் பார்த்தல் வேண்டும் என்பது தெளிவு.

இனி, தொடக்கத்திற் குறிப்பிட்ட கேட்டைச் சொல்வோம். 1990 ஒக்டோபரில், வட மாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். 70,000க்கு மேற்பட்டோர் வீடும் நிலமும் உடைமையும் இழந்தனர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணிநேரமே. அவர்களிற் பெரும்பகுதியினர் வந்து தங்கியது இந்தப் புத்தள மாவட்டத்திலே. கற்பிட்டியிலும் முந்தலிலும் இன்னும் பல இடங்களிலும் ஓலைக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். அவர்கள் அன்று இருதலைக் கொள்ளி எறும்பாயினர் என்று எழுதுவோர் உளர். இரக்கத்தினாலே எழுதுகின்றனர், ஆனால் அது பிழையான வழக்கு. இருதலைக் கொள்ளி எனின் தெரிவு என ஒன்று இருத்தல் வேண்டும். அவர்களுக்குத் தெரிவு இல்லை, கட்டளை இருந்தது. கட்டளையை இக்கட்டு என்று எழுதினால், கட்டளையிட்டவர் வாக்கியத்திலிருந்து மறைந்துபோகின்றார். தீயும் கடலும் தாமே வந்து சூழ்ந்தனபோல் ஆகிவிடுகின்றது. ஒரு மரபுத்தொடர் இடம் தவறுவதனால் உண்மை இடம்பெயர்கின்றது. இதுவே நாம் சொன்ன கேடு.

இத்தொடர் அவர்களுக்குப் பொருந்திய காலம் பின்னரே வந்தது. 2009இல் போர் முடிந்தபின், திரும்பிச் செல்லலாம் என்ற நிலை ஏற்பட்டது. செல்வதெனின், வடக்கிலே வீடு இடிந்து கிடந்தது, காணி காடாகியிருந்தது, சில இடங்களிற் பிறர் குடியேறியிருந்தனர். தங்குவதெனின், பூர்வீக நிலத்தின்மீது உள்ள உரிமை தளரும்; வந்த ஊரிலோ நிலமும் நீரும் தொழிலும் முன்னரே அங்கிருந்தோருக்கே போதாதவை. இருபது ஆண்டுகளுக்குள் புத்தளத்திற் பிறந்த பிள்ளைகளுக்கு இதுவே பிறந்த ஊர். பெற்றோருக்கு அதுவே சொந்த ஊர். ஒரே வீட்டில் இருந்தோரிடையே இரண்டு ஊர்கள் எதிரெதிரே இழுத்தன. புறத்தே ஆங்கிலத் தொடர் சொல்லும் இரு தீமைகள். அகத்தே நற்றிணை சொல்லும் பழங்கயிறு. இரண்டும் ஒருங்கே பொருந்திய இடம் இது. சில குடும்பங்கள் இரண்டு ஊரிலும் கால் வைத்து, ஒருவர் அங்கும் மற்றையோர் இங்குமாக வாழ்ந்தனர். அதனைத் துணிவின்மை என்று பழிப்பது அறியாமை; தங்களுக்கென மூன்றாவது வழியொன்றை அவர்கள் வருந்தித் தேடினர் என்றே சொல்லவேண்டும்.

நேயர்களே, மரபுத்தொடர்கள் முன்னோர் பட்ட துன்பங்களின் சுருக்கெழுத்து. ஒரு வீரன் குண்டுகளுக்கு நடுவே கிடந்ததும், ஒரு தலைவன் பாலைவழியில் நெஞ்சு இரண்டாகி நின்றதும், சில சொற்களாகச் சுருங்கி நம் கைக்கு வந்துள்ளன. அவற்றை எடுத்து ஆளும்போது, நாம் குறிக்கும் மனிதன் உண்மையில் எங்கே நிற்கின்றான் என்று முதலிற் பார்ப்போமாக. அவனுக்குத் தெரிவு இருந்ததா, தெரிவைப் பறித்தவர் உண்டா, திறக்கப்படாத வழி இன்னும் உண்டா என்று வினவுவோமாக. அவ்வினாக்களுக்குப் பின்னும் பிசாசும் கடலுமே எஞ்சுமாயின், அப்போது அத்தொடரை ஆள்வோம்.